டாக்டர் ஹூ, 1963: ஒரே எபிசோட், இரண்டு பதிவு. டைரக்டர் வாரிஸ் ஹுசைன் செய்த வேலை என்ன?

405வரி:
1963 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை. லண்டன் லைம் குரோவில் பிபிசியின் ஸ்டுடியோ டி. காலத்தில் பயணிக்கும் டாக்டர் என்பவரைப் பற்றிய அறிவியல் புனைகதைத் தொடர் டாக்டர் ஹூ. அதன் முதல் எபிசோட் பைலட்டாக, அதாவது சோதனைப் பதிவாக, எடுக்கப்படுகிறது. நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமன் பார்த்துவிட்டு, இது சரிப்படாது, திரும்ப எடுங்கள் என்கிறார். மூன்று வாரம் கழித்து அக்டோபர் 18, அதே ஸ்டுடியோ, அதே நடிகர்கள், கிட்டத்தட்ட அதே ஸ்கிரிப்ட். நவம்பர் 23 ஒளிபரப்பானது இந்த இரண்டாவது பதிவுதான்.

ஒரு டைரக்டர் ஒரே கதையை இரண்டு முறை எடுத்து, இரண்டும் அழியாமல் நம் கைக்கு வந்திருப்பது அந்தக் காலத்து டிவியில் அபூர்வம். ஆனால் எழுதுகிறவர்கள் எல்லாம் நியூமனையும் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டையும் சுற்றியே வருகிறார்கள். ஹுசைன் என்றால் "லக்னோவில் பிறந்தவர், அப்போது வயது 24" என்பதோடு சரி. அவர் செய்த வேலையை ஷாட் ஷாட்டாகப் பேசுவோம். கதை, கேரக்டர், "எந்த டாக்டர் பெஸ்ட்" சண்டை எல்லாம் வேறு இழையில்.

சும்மா_வாசகன்:
அப்போ இது லைவ்தானே? லைவில் டைரக்டருக்கு என்ன வேலை இருக்கப்போகுது? நடிக்கிறவங்க நடிப்பாங்க, கேமரா ஓடும்.

டெலிசினி_தாத்தா:
லைவ் இல்லை தம்பி. டேப்பில் பதிந்தது. ஆனால் லைவ் மாதிரியே பதிந்தது, அதுதான் விஷயமே.

வாரம் முழுக்க ஒத்திகைக் கூடத்தில். தரையில் கலர் டேப் ஒட்டி, இங்கே சுவர், இங்கே கதவு என்று செட்டின் அளவைக் காட்டியிருப்பார்கள். நாற்காலிதான் கார். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் ஸ்டுடியோ. பகல் முழுக்க கேமராவோடு ஒத்திகை, ராத்திரி 8.30 முதல் 9.45 வரை பதிவு. 25 நிமிட எபிசோடுக்கு 75 நிமிடம். அதற்குள் முடிக்க வேண்டும்.

அதனால் டைரக்டரின் நிஜமான வேலை ஸ்டுடியோவுக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். செட்டின் தரைப்படம், ஓர் அடிக்குக் கால் அங்குலம் கணக்கில் வரைந்தது, அவர் மேஜையில் இருக்கும். அதன்மேல் ஒவ்வொரு கேமராவையும் நகர்த்திப் பார்த்து கேமரா ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். வலப்பக்கம் வசனம், இடப்பக்கம் ஷாட் எண், எந்த கேமரா, எந்த நிலை, லென்ஸ் எத்தனை டிகிரி. ஒவ்வொரு கேமராமேனுக்கும் அவருடைய ஷாட்கள் மட்டும் உள்ள அட்டை ஒன்று, கேமராவிலேயே மாட்டியிருக்கும்.

எங்கே சிக்கும் தெரியுமா? அன்றைய கேமராவில் ஜூம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு சுழலும் தட்டில் நாலு லென்ஸ்: 35, 24, 16, 9 டிகிரி. தட்டைத் திருப்பினால் படம் துடைத்துக்கொண்டு போகும், ஆகவே அந்த நேரத்தில் படம் பதிவாகிக்கொண்டிருக்கும் கேமரா லென்ஸ் மாற்றக்கூடாது. கேமரா 2-இல் பொதுக்காட்சி காட்டிவிட்டு அதே கேமராவில் க்ளோசப் வேண்டுமென்றால், நடுவில் இன்னொரு கேமராவின் ஷாட் இருந்தே ஆகவேண்டும். அந்த நடு ஷாட் லென்ஸ் திருப்பி, நகர்ந்து, ஃபோகஸ் பிடிக்கிற அளவுக்கு நீளமாகவும் இருக்க வேண்டும். அந்த நீளத்துக்கு வசனம் இருக்கிறதா என்று ஸ்கிரிப்டில் எண்ணிப் பார்க்கிறவர் டைரக்டர்.

அப்புறம் கேபிள். ஒவ்வொரு கேமராவுக்கும் பின்னால் விரல் தடிமனுக்கும் மேலே ஒரு கேபிள் இழுபடும். கேமரா 1 ஒருமுறை 3-இன் கேபிளைத் தாண்டிப் போய்விட்டால், அதே வழியில்தான் திரும்ப வரவேண்டும். பின்னல் போட்டுவிட்டால் ராத்திரி 9 மணிக்கு யார் பிரிப்பது?

பூம்_நிழல்:
தாத்தா சொன்னதோட மைக்கையும் சேர்த்துக்கோங்க. பூம் கம்பு செட்டுக்கு மேலே நீட்டிக்கிட்டு இருக்கும். 35 டிகிரி லென்ஸ் போட்டா மைக்கை மேலே தூக்கணும், குரல் தூரமாயிடும். உடனே 9 டிகிரி க்ளோசப்புக்கு கட் பண்ணா, முகம் பக்கத்தில, குரல் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேட்கும். வைடிலிருந்து நேரா டைட் க்ளோசப் போகாம இடையில ஒரு மிட் ஷாட் வைக்கிறதுக்கு இலக்கணம் மட்டும் காரணமில்ல, பூம் இறங்க அவகாசம் வேணும்.

கறுப்பு_வெள்ளை:
நல்ல உதாரணம் இந்த எபிசோடிலேயே இருக்கிறது: காருக்குள் நடக்கும் நினைவுக் காட்சிகள்.

இயன், பார்பரா என்று இரண்டு ஆசிரியர்கள் காரில் உட்கார்ந்துகொண்டு சூசன் என்ற மாணவியைப் பற்றிப் பேசுகிறார்கள். நடுநடுவே வகுப்பறை நினைவுகள். இப்போது இந்தக் காட்சிகளை மறுபடி போட்டு, வகுப்பறையில் அந்த ஆசிரியர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தேடுங்கள். கிடைக்க மாட்டார்கள். குரல் மட்டும் வரும். கேமராவே ஆசிரியரின் இடத்தில் நிற்கிறது. சூசன் நேராக நம்மைப் பார்த்துப் பதில் சொல்கிறாள்.

சினிமாவாக இருந்தால் நடிகர்களை வகுப்பறைக்குக் கூட்டிப்போய் இன்னொரு நாள் எடுப்பார்கள். இங்கே கார் ஒரு மூலையில், வகுப்பறை இன்னொரு மூலையில், டேப் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேமராவை ஆசிரியரின் கண்ணாக்கிவிட்டால் அவர்கள் இருவரும் காரை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். மிக்ஸரில் ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் போதும், மறுபடி அங்கிருந்து காருக்கு வந்துவிடலாம்.

பலன் அதையும் தாண்டிப் போகிறது. முதல் எபிசோட் பார்க்கிறவனுக்குச் சூசன் ஒரு புதிர். அவள் நம்மை நேராகப் பார்க்கும்போது விசாரிக்கும் இடத்தில் நாமே இருக்கிறோம். இடநெருக்கடியில் பிறந்த ஷாட், கதைக்கே முதுகெலும்பாகிவிட்டது. என்னைக் கேட்டால் ஹுசைனின் கைவேலையை இந்த ஒன்றரை நிமிடத்தில்தான் பார்க்க வேண்டும், டார்டிஸ் (வெளியே நீலப் பெட்டியாகத் தெரியும் டாக்டரின் கால இயந்திரம்) செட்டில் அல்ல.

சும்மா_வாசகன்:
சரி, ஒத்துக்கிறேன். ஆனா டேப்தானே? தப்பு வந்தா வெட்டி ஒட்டிக்க வேண்டியதுதானே? பைலட்ல கதவு படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கே, அதை ஏன் அப்படியே விட்டாங்க?

டெலிசினி_தாத்தா:
வெட்டலாம். நிஜமாகவே பிளேடால்தான் வெட்ட வேண்டும்.

அது இரண்டு அங்குல அகல டேப். படம் அதன்மேல் குறுக்குக் கோடுகளாகப் பதிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இரும்புத்தூள் கலந்த திரவத்தைத் தடவினால் கோடுகள் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்து இரண்டு கோடுகளுக்கு நடுவில் சரியாக வெட்டி ஒட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஒட்டு வரும் இடத்தில் படம் உருளும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒலி. படம் பதியும் ஹெட்டுக்கும் ஒலி பதியும் ஹெட்டுக்கும் இடையே ஒன்பதேகால் அங்குல தூரம். டேப் ஓடும் வேகத்தில் அது சுமார் 0.6 நொடி. படத்தைப் பார்த்து வெட்டினால், முந்திய காட்சியின் ஒலி 0.6 நொடி அடுத்த காட்சியின் மேல் வழியும், அடுத்த காட்சியின் முதல் 0.6 நொடி ஒலி காணாமல் போகும். "வா" என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லே போய்விடும். ஆகவே வெட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் மௌனம் வேண்டும், இல்லை ஒரே மாதிரி ஓடும் பின்னணி ஒலி வேண்டும். இதை டைரக்டர் ஸ்கிரிப்ட் எழுதும்போதே முடிவு செய்து, "பதிவு நிறுத்தம்" என்று குறித்துவைக்க வேண்டும். வசனத்தின் நடுவில் கதவு அடித்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு ஒட்ட வழியே இல்லை. முந்திய நிறுத்தத்திலிருந்து திரும்ப நடிக்க வேண்டும்.

இன்னொன்று, வெட்டிய டேப்பை வழக்கம்போல அழித்துத் திரும்பப் பயன்படுத்த முடியாது. டேப் விலைக்கு அது பெரிய சமாச்சாரம். அதனால்தான் வசனம் தடுமாறினாலும் கதை கெடவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுவார்கள். டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் தடுமாறினார் என்று சிரிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

405வரி:
பைலட் பதிவில் இது அப்படியே தெரிகிறது. டார்டிஸுக்குள் நடக்கும் பாதியை ஒன்றுக்கு மேற்பட்ட டேக் எடுத்திருக்கிறார்கள். கதவு மூடவில்லை, மூடினால் திறந்துகொள்கிறது, சத்தம் வேறு. அந்த இரட்டைக் கதவில் மோட்டார் இல்லை, செட்டுக்குப் பின்னால் ஆள் நின்று இழுப்பதுதான். முதல் முறையாக எழுப்பிய செட், அதே நாளில் ஒத்திகை, அதே ராத்திரி பதிவு.

செட் டிசைன் பீட்டர் பிராச்சாக்கி. ஆறு பக்க மேஜை, நடுவில் ஏறி இறங்கும் கண்ணாடித் தூண், மேலே தொங்கும் ஆறுகோண விளக்குக் கூடு. சுவரில் வட்டக் குழிகள். சுவரின் ஒரு பகுதி நிஜக் குழி கிடையாது, பெரிதாக்கிய புகைப்படம். அந்தப் பக்கம் கேமரா சாய்வாகப் போனால் தட்டை என்று தெரிந்துவிடும். மேஜைக்கு அடித்த வண்ணம் வெள்ளை இல்லை, வெளிர் பச்சை. தூய வெள்ளை கேமராவில் பூத்துப்போகும்.

ஒத்திகைக்கூடம்:
நுழைவு ஷாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. "உள்ளே போனால் பெரிசு" என்பது இன்றைக்குப் பழகிப்போன விஷயம். அன்றைக்குப் பார்த்தவருக்கு அது முதல் தடவை. இரண்டு தனித்தனி செட்டை வைத்துக்கொண்டு அதை நம்பவைக்க வேண்டும்.

அவர் செய்திருப்பதைக் கவனியுங்கள். பழைய சாமான் கிடங்கில் இயன் அந்த நீலப் பெட்டியைச் சுற்றி வருகிறார். பெட்டி நாலு பக்கமும் மூடிய பெட்டி என்று நம் கண்ணுக்குக் காட்டிவிட்டார். பார்பரா கதவுக்குள் பாய்கிறாள். கட். உடனே வெளிச்சமான பெரிய அறை. விளக்கம் கிடையாது, மெதுவாக மிக்ஸ் கிடையாது. இருட்டான கிடங்குக்குப் பின் வெள்ளை அறை என்பதால் கண் கூசுகிறது. அப்புறம் இயனே சொல்கிறார், நான் இதைச் சுற்றி வந்தேனே என்று. நடந்ததை நினைவுபடுத்தும் வசனம். முன்னாடி சுற்றி நடக்காமல் இருந்திருந்தால் இந்த வசனத்துக்கு உயிரே கிடையாது.

தொடக்கமும் அப்படித்தான். மூட்டம், ஒரு போலீஸ்காரர் டார்ச் அடித்து கிடங்கின் கேட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார். அவர் போனதும் கேட் தானாகத் திறக்க, கேமரா உள்ளே போகிறது, குப்பைகளைத் தாண்டி பெட்டியில் வந்து நிற்கிறது. டைட்டில் இசை நிற்காமல் இந்தக் காட்சியின் மேலேயே தொடர்கிறது. எந்தப் பாத்திரத்தின் பார்வையும் இல்லாமல் கேமரா தானாக நுழைகிறது. குழந்தைகள் நிகழ்ச்சிக்கு இவ்வளவு துணிச்சல் ஆகாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

பூம்_நிழல்:
யாராவது சொல்லியிருப்பாங்கன்னு ஊகம் வேண்டாம் சார், இருக்கிறதை மட்டும் பேசுவோம். :)

இசை விஷயத்துல ஒண்ணு. ரான் கிரெய்னர் மெட்டு, டீலியா டெர்பிஷயர் பிபிசியோட ஒலிக்கூடமான ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்ல டேப் துண்டு துண்டா ஒட்டி உருவாக்கினது. பைலட்டோட டைட்டில்ல தொடக்கத்தில ஒரு இடி முழக்கம் இருக்கும், ஒளிபரப்பானதில எடுத்துட்டாங்க. டார்டிஸ் கிளம்பற சத்தம் பிரையன் ஹாட்ஜ்சன், பழைய பியானோ கம்பி மேல சாவியால இழுத்து, அதை டேப்ல வளர்த்தது.

முக்கியமா, இதெல்லாம் பின்னாடி உட்கார்ந்து கலந்தது இல்ல. பதிவு ஓடும்போதே டேப், ரெக்கார்டுல இருந்து ஸ்டுடியோவுக்குள்ள விடுவாங்க. நடிகர் அந்த சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நடிக்கிறார். கியூ அரை நொடி தவறினா ரீடேக் இல்லைன்னா தவறு தவறாவே பதிஞ்சிடும்.

கறுப்பு_வெள்ளை:
கிளம்பும் காட்சியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டைட்டிலில் வரும் அந்த மேக வடிவங்கள் "ஹவுல்-அரவுண்ட்": கேமராவை அதே கேமராவின் படம் ஓடும் மானிட்டரை நோக்கித் திருப்பினால் படம் தன்னையே விழுங்கிக்கொண்டு அலை அலையாக வரும். மைக்கை ஸ்பீக்கருக்குக் காட்டினால் ஊளையிடுமே, அதன் படவடிவம். 1963 ஆகஸ்டில் பெர்னார்ட் லாட்ஜ் டைட்டிலுக்காக எடுத்தது.

கிளம்பும்போது அதே வடிவங்களை முகங்களின் மேல் படர விட்டிருக்கிறார்கள். இரண்டு படத்தைச் சேர்த்தால் வெளிச்சம் வெளிச்சத்தோடு கூடும். ஏற்கெனவே வெளுத்த இடத்தில் எதுவும் தெரியாது, இருண்ட இடத்தில்தான் வடிவம் பதியும். டார்டிஸின் வெளிர் சுவரோடு வைட் ஷாட் வைத்திருந்தால் பாலில் பால் ஊற்றிய கதைதான். அதனால் நெருக்கமான முகங்கள், விளக்கு குறைத்து. வழி அது ஒன்றுதான், ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டுமே.

சும்மா_வாசகன்:
அப்போ பைலட்டுக்கும் ஒளிபரப்பானதுக்கும் வித்தியாசம் கதவு மட்டும்தானா? பைலட்டும் அப்பவே டிவியில வந்ததா படிச்ச ஞாபகம்.

405வரி:
அப்போது வரவில்லை. பைலட் முதல்முறை ஒளிபரப்பானது 1991 ஆகஸ்ட் 26, பிபிசி2-இல், லைம் குரோவ் ஸ்டுடியோவுக்கு விடைகொடுத்த நாளில். நீங்கள் படித்தது முதல் எபிசோடின் மறு ஒளிபரப்பாக இருக்கும். கென்னடி கொலைக்கு அடுத்த நாள் ஒளிபரப்பானதால் அடுத்த வாரம் நவம்பர் 30 அன்று இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் திரும்பப் போட்டார்கள்.

வித்தியாசம் நிறைய. டாக்டர் பைலட்டில் சாதாரண கோட்டு, டை. ஒளிபரப்பானதில் பழங்காலத்து உடை, எந்த நூற்றாண்டு ஆள் என்று சொல்ல முடியாத மாதிரி. சூசன் பைலட்டில் வேற்றுலகத்தவள் மாதிரி பளபள உடை, ஒளிபரப்பானதில் சாதாரணப் பள்ளிப்பெண். பைலட்டில் அவள் தனியாக இருக்கும்போது காகிதத்தில் மையைச் சிந்தி, மடித்து, அதைச் சுற்றி ஆறுகோணம் வரைகிறாள். ஒளிபரப்பானதில் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய புத்தகத்தைப் புரட்டி, இது இப்படி இல்லையே என்கிறாள். பைலட்டில் 49-ஆம் நூற்றாண்டில் பிறந்ததாகச் சொல்கிறாள், மற்றதில் வேறொரு காலம், வேறோர் உலகம் என்று மட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக டாக்டர். பைலட்டில் அவர் வெறும் கொடூரம், ஏளனம். ஒளிபரப்பானதில் அதே வரிகளை ஹார்ட்னெல் கொஞ்சம் சிரிப்போடு, குழந்தையிடம் பேசுகிற மாதிரி சொல்கிறார். பயம் குறையவில்லை, வெறுப்பு மட்டும் போய்விட்டது.

ஒத்திகைக்கூடம்:
இதெல்லாம் நியூமன் சொல்லி மாற்றியது. டைரக்டருக்கு இதில் என்ன பங்கு?

டெலிசினி_தாத்தா:
இது கொஞ்சம் அநியாயம். "டாக்டர் இவ்வளவு கடுகடு என்று இருக்கக்கூடாது" என்பது ஒரு குறிப்பு. அதை எந்த வரியில், எந்தத் திரும்பலில், எந்த லென்ஸில் செய்வது என்பது வேலை. வைத்தியர் "உப்பைக் குறை" என்றுதான் சொல்வார், குழம்பு வைக்கிறது வீட்டில் இருக்கிறவர்தானே.

அதிகாரம் யாரிடம் என்பதையும் பார்க்க வேண்டும். பத்து வருடம் முன்னால், 1953-இல் குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட் என்ற பிபிசி அறிவியல் புனைகதைத் தொடரை ருடால்ஃப் கார்டியர் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து ஆறு எபிசோடும் லைவாகவே செய்தபோது, தயாரிப்பாளர், இயக்குநர் இரண்டும் அவர் ஒருவரே. நியூமன் பிபிசிக்கு வந்து இந்த இரண்டு வேலையையும் பிரித்துவிட்டார். அதனால் ஹுசைனுக்குக் கதை, செலவு, நடிகர் தேர்வில் கடைசி வார்த்தை கிடையாது. ஆனால் ஹார்ட்னெல் தயங்கியபோது அவரைப் பார்த்துப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தது லாம்பர்ட்டும் ஹுசைனும் சேர்ந்துதான்.

கறுப்பு_வெள்ளை:
இந்த முதல் கதையின் மீதி மூன்று எபிசோட், கற்கால மனிதர்கள் பகுதி, டைரக்ஷனில் அவ்வளவு உயரம் இல்லை. எழுத்தே அப்படி. குகைக்குள் பத்துப் பேர் தோல் போர்த்திக்கொண்டு தீ, தீ என்று பேசுகிறார்கள். ஒரே இடம், நிற்கிற கும்பல். கேமராவுக்குப் போக வழி இல்லை.

நாலாவது எபிசோடின் சண்டையைப் பார்த்து "ஹுசைன் பிரமாதம்" என்று எழுதுகிறார்கள், அது டக்ளஸ் கேம்ஃபீல்ட் எடுத்தது. அப்போது அவர் தயாரிப்பு உதவியாளர். ஈலிங் ஸ்டுடியோவில் ஃபிலிமில் எடுத்து, பதிவு ராத்திரி டெலிசினி (ஃபிலிமை டிவி படமாக மாற்றும் கருவி) வழியாக ஸ்டுடியோவுக்குள் விட்டது. சண்டை, தீ மாதிரி திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியவற்றை ஃபிலிமுக்குத் தள்ளிவிடுவது வழக்கம். கேம்ஃபீல்ட் பிறகு அதே தொடரில் பெரிய டைரக்டராக வந்தார்.

405வரி:
ஒப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூல டேப்பெல்லாம் அழித்தாயிற்று. நம்மிடம் இருப்பது வெளிநாட்டுக்கு விற்க மானிட்டரிலிருந்து 16 மிமீ ஃபிலிமில் எடுத்த பிரதி. டேப்பில் நொடிக்கு 50 பாதிப்படம் ஓடியது, ஃபிலிமில் 25 படம். அசைவின் வழவழப்பு போய்விட்டது. ஆகவே ஸ்டுடியோ எங்கே முடிகிறது, ஈலிங் ஃபிலிம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சாதாரணப் பிரதியில் தெரியாது. 2006 டிவிடியில் விட்ஃபயர் முறையில் 50-ஐத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் பார்த்தால் சண்டை தொடங்கும் இடத்தில் அசைவின் தன்மை சட்டென்று மாறும்.

ஒத்திகைக்கூடம்:
ஹுசைன் டாக்டர் ஹூவில் அடுத்து எடுத்த கதை மார்க்கோ போலோ? 1964 பிப்ரவரி 22 முதல் ஏப்ரல் 4 வரை, 7 எபிசோட். ஒன்றுகூட இல்லை, ஒலி மட்டும் இருக்கிறது. அதில் டைரக்ஷனைப் பற்றி ஏதாவது பேச முடியுமா?

டெலிசினி_தாத்தா:
கொஞ்சம் முடியும். ஜான் க்யூரா என்று ஒருவர், வீட்டில் டிவி திரையை ஸ்டில் கேமராவில் படம் எடுத்து டைரக்டர்களுக்கும் நடிகர்களுக்கும் விற்பார். டெலிஸ்நாப் என்று பெயர். ஒரு எபிசோடுக்கு அறுபது, எழுபது படம். மார்க்கோ போலோவுக்கான படங்கள் ஹுசைன் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் கிடைத்தன. நாலாவது எபிசோடுக்கு மட்டும் இல்லை. ஏனென்றால் அதை எடுத்தவர் ஜான் கிராக்கெட்.

படங்களை ஒலியோடு சேர்த்துப் பார்க்கும்போது அசைவைத் தேடாதீர்கள், கிடைக்காது. முகம் எவ்வளவு பெரிசு, அதை வைத்து லென்ஸ் என்ன, முன்னால் யார், பின்னால் யார், இதை மட்டும் எபிசோட் வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரை முன்னால் பெரிதாக நிறுத்தி இன்னொருவரை ஆழத்தில் வைத்தால் ஒரே ஷாட்டில் இருவருடைய முகமும் கிடைக்கும், ஒரு கட் மிச்சம். பைலட்டிலும் அதை எண்ணிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

சும்மா_வாசகன்:
எண்ண ஆரம்பிச்சாச்சு தாத்தா. கார் காட்சியிலேயே நிக்கிறேன், இன்னும் வகுப்பறை தாண்டல.